எரேமியா 29:11 வசனத்தை அதன் கடிதத்தோடு சேர்த்து வாசிப்போம்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களில் அதிகம் தொங்கும் வசனங்கள் எவை என்று கணக்கெடுத்தால், எரேமியா 29:11 முதல் வரிசையில் வந்துவிடும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." காலண்டரில் இருக்கும். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் வரும். வேலை போன நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் போகும்.

வாசிக்க இதமான வசனம்தான். ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவருக்கும், விசா வருமா வராதா என்று மாதக்கணக்கில் தூங்காமல் இருக்கிறவருக்கும் அடுத்த கேள்வி உடனே எழும். தேவனுக்குத் திட்டம் இருக்கிறது, சரி. அது என்ன திட்டம்? எப்போது நடக்கும்? "தேவனுடைய திட்டத்தை நம்பு" என்கிறார்களே, நம்புகிறவன் நாளைக் காலை எழுந்து என்னதான் செய்ய வேண்டும்? வேதம் வாசிக்கத் தொடங்கியிருக்கும் புதியவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பெரியவர்களிடம் கேட்டால், "விசுவாசியுங்கள், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

அந்தக் கேள்விகளுக்கு அதே அதிகாரத்தில் பதில் இருக்கிறது. 11-ம் வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. அந்தக் கடிதம் யாருக்குப் போனது, அதற்கு முந்தின வரியில் என்ன இருந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கடிதம் யாருக்குப் போனது

கி.மு. 597. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்தது. வேதம் மட்டும் சொல்லும் செய்தி அல்ல இது. பாபிலோனியர்களே தங்கள் அரசு வரலாற்றைக் களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தப் படையெடுப்பு பற்றிய குறிப்பு அதிலும் உண்டு. அந்தப் பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு அப்போது வயது 18. பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம். எரேமியா புத்தகம் இவனையே எகொனியா என்று அழைக்கிறது, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ராஜாவையும் அவன் தாயையும், பிரபுக்களையும், போர்வீரர்களையும், தச்சர்களையும் கொல்லர்களையும் நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போனான். 2 இராஜாக்கள் 24-ம் அதிகாரம் பத்தாயிரம் பேர் என்று சொல்கிறது. ஊரில் மிஞ்சியவர்கள் ஏழைகள். கைத்தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியதைக் கவனியுங்கள். கொல்லன் இல்லாத ஊரில் ஆயுதம் செய்ய ஆள் ஏது?

போனவர்களின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்குச் சங்கீதம் 137 சாட்சி: "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்." வீடு, நிலம், ஆலயம் எல்லாம் நூற்றுக்கணக்கான மைல் பின்னால் கிடந்தன. அவர்களிடம் இருந்தது ஒரே கேள்வி, எப்போது ஊர் திரும்புவோம் என்பதுதான்.

எரேமியா எருசலேமிலேயே தங்கிவிட்ட தீர்க்கதரிசி. அவர் எழுதிய கடிதத்தை சாப்பானின் மகன் எலாசாவும் இல்க்கியாவின் மகன் கெமரியாவும் எடுத்துச் சென்றார்கள். யோயாக்கீனுக்குப் பதிலாக நேபுகாத்நேச்சார் பட்டத்தில் வைத்த சிதேக்கியா ராஜா ஏதோ காரியமாக அவனிடம் அனுப்பிய தூதுவர்கள் அவர்கள்.

இரண்டு வருஷமா, எழுபது வருஷமா

29-ம் அதிகாரத்துக்குப் போகும் முன் 28-ஐ வாசித்தே ஆக வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு 11-ம் வசனத்தின் காரம் தெரியாது.

கிபியோன் ஊர்க்காரனான அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அறிவிக்கிறான். கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் வரும், எகொனியா ராஜா வருவான், சிறைப்பட்டுப் போன அத்தனை பேரும் வருவார்கள் என்கிறான். எரேமியா அந்த நாட்களில் பாபிலோனுக்குப் பணிய வேண்டியிருக்கும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மர நுகத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தார். அனனியா அதைக் கழற்றி எல்லார் முன்னாலும் உடைத்துப்போட்டான்.

இந்தக் காட்சியில் எரேமியா சொன்ன முதல் வார்த்தை "ஆமென்". "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கெட்ட செய்தி சொல்வதில் அந்த மனிதருக்குத் துளியும் ஆசை இல்லை. அனனியா சொல்வது நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை, அது நடக்கும்போதுதான் நம்ப முடியும் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறார். அதற்குப் பிறகு கர்த்தரிடமிருந்து வார்த்தை வருகிறது: மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனான்.

அந்தக் கூட்டத்தில் நாம் நின்றிருந்தால் யாரை விசுவாச வீரன் என்று நினைத்திருப்போம்? சந்தேகமே வேண்டாம், அனனியாவைத்தான். சத்தமாக, நம்பிக்கையோடு, தேதி குறித்துப் பேசினவன் அவன். இன்றைக்கும் "இந்த மாதத்துக்குள் உங்களுக்கு வேலை கிடைக்கும்" என்று மைக்கில் அறிவிக்கிறவரைத் தேடித்தான் கூட்டம் போகிறது. வேதமோ அனனியாவைப் பொய்யை நம்பப்பண்ணினவன் என்கிறது.

இந்தப் பின்னணியில்தான் எரேமியாவின் கடிதம் வருகிறது. அதில் 10-ம் வசனம்: "பாபிலோனிலே எழுபது வருஷம் முடிந்தபின்பு நான் உங்களைச் சந்தித்து..." அதற்கு அடுத்த வரிதான் நம் சுவர் வசனம்.

எழுபது வருஷம். கடிதத்தை வாசித்தபோது நாற்பது வயதில் இருந்தவர் ஊருக்குத் திரும்பப்போவதில்லை. அவருடைய பிள்ளைகளே திரும்புவது சந்தேகம். (எந்த வருஷத்திலிருந்து எழுபதை எண்ணுவது என்பதில் வேத அறிஞர்களுக்குள் பல கணக்குகள் உண்டு. கி.மு. 539-ல் பாபிலோன் பாரசீக ராஜா கோரேசிடம் விழுந்தது, அதன்பின் யூதர்கள் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது என்ற அளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.) ஆக, "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற வார்த்தை, தாங்கள் கேட்டது தங்கள் காலத்தில் கிடைக்காது என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. வசனத்தை அட்டையில் மட்டும் வாசித்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகக்கூட இருக்கும்.

காத்திருக்கும்போது செய்ய வேண்டியது

அப்படியானால் நாளைக் காலை என்ன செய்வது? கடிதம் அதைத்தான் முதலில் சொல்கிறது. 5-ம் வசனத்திலிருந்து பாருங்கள். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிவையுங்கள். பெருகுங்கள், குறுகிப்போகாதிருங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கேட்கிறவனுக்குத் தூக்கிவாரிப்போடும் ஒரு கட்டளை: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்திலே உங்களுக்குச் சமாதானமிருக்கும்." தங்கள் ஊரை அழித்துக்கொண்டிருக்கும் எதிரியின் நகரத்துக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறார்.

தோட்டம் என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவோம் என்று நினைக்கிறவன் மரம் நடமாட்டான். கூடாரத்தில் மூட்டை கட்டியபடி உட்கார்ந்திருப்பான். அனனியாவை நம்பினவர்களின் வாழ்க்கை அப்படித்தான் நின்றுபோயிருக்கும். எரேமியாவை நம்பினவர்கள் மண்ணைக் கொத்தவேண்டியிருந்தது. இந்த அதிகாரத்தின்படி தேவனுடைய திட்டத்தை நம்புவது என்பது இதுதான்: முடிவு அவர் கையில் இருக்கிறது என்று விட்டுவிட்டு, இன்றைக்கு நம் கையில் இருக்கும் வேலையை முழு மனதோடு செய்வது. படிக்கிறவர் படிக்க வேண்டும். வேலை போனவர் அடுத்த இன்டர்வியூவுக்குப் போக வேண்டும், அதுவரை கிடைக்கிற வேலையைச் செய்ய வேண்டும். நோயாளி டாக்டர் சொன்ன மாத்திரையைச் சாப்பிட வேண்டும். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று மருந்தை நிறுத்துவதற்கு இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இடம் கொடுக்கவில்லை.

கடிதம் எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்து எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் எழுதுகிறான்: இந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டாமல் விட்டுவைத்திருக்கிறாய், நெடுங்காலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்று எங்களுக்கு எழுதியிருக்கிறானே என்று. பொறுமையாக இரு என்று சொல்கிறவர்கள்மேல் எரிச்சல் வருவது நம் காலத்துப் புதுப் பழக்கம் அல்ல.

ஆனால் ஜனங்கள் உண்மையிலேயே அங்கே வேரூன்றினார்கள் என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்து சான்றுகள் வந்திருக்கின்றன. பாபிலோன் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்துகொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. அவற்றில் ஒன்று கி.மு. 592-ம் ஆண்டைச் சேர்ந்தது. 1939-ல் இவை வெளியாயின. இன்னொரு தொகுப்பு 2014-ல் வெளியானது. ஏறக்குறைய நூறு பலகைகள். தென் ஈராக்கில் ஆல்-யாகூது, அதாவது யூதா ஊர், என்று பெயர் வைத்து வாழ்ந்த குடியேறிகளின் பத்திரங்கள் அவை. கி.மு. 572-லிருந்து நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தைச் சேர்ந்தவை. நிலக் குத்தகை, பார்லிக் கடன், பேரீச்சை விளைச்சல் என்று அன்றாடக் கொடுக்கல் வாங்கல்கள். அந்த மனிதர்களில் பலருடைய பெயர்களில் இஸ்ரவேலின் தேவனுடைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டம் போட்டார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது யாரை நம்புகிறோம் என்பதை மறக்கவில்லை. தீர்க்கதரிசி எசேக்கியேலும் இதே கூட்டத்தில் பாபிலோனுக்குப் போனவர்தான். எசேக்கியேல் 8:1-ல் அவர் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், மூப்பர்கள் முன்னால் இருக்கிறார்கள். அவரும் வீடு வைத்திருந்திருக்கிறார்!

நமக்குத் தெரிந்தது, தெரியாதது

புதிதாக வாசிக்கிறவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு வசனம் உபாகமம் 29:29. மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவை. வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று அது சொல்கிறது. என் வாழ்க்கையில் அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்பது முதல் வகை. உண்மையாக இரு, பிறனை நேசி, ஜெபம் பண்ணு, பயப்படாதே என்பவை இரண்டாம் வகை. நாம் பெரும்பாலும் முதல் வகையைத் தேடித்தான் வேதத்தைத் திறக்கிறோம். வேதமோ இரண்டாம் வகையைத்தான் கை நிறையக் கொடுக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை "இன்றைக்குக் கர்த்தர் எனக்குச் சொன்னது" என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி ஆறுதல் அடைந்தவர்களும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு வழிமுறையாக வைத்துக்கொள்ளாதீர்கள். விரல் செமாயாவின் கடிதத்திலும் விழலாம். வீட்டை விற்கலாமா, வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா என்ற முடிவுகளை அப்படி எடுப்பது ஆபத்து. எரேமியாவின் கடிதமே குறிகாரர்களையும் சொப்பனக்காரர்களையும் நம்பி மோசம்போகாதிருங்கள் என்று எச்சரிக்கிறது.

பதினேழு சேக்கல் வெள்ளிக்கு ஒரு நிலம்

எரேமியா ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டவர் அல்ல. 32-ம் அதிகாரத்தில் அவருடைய முறை வருகிறது. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். எருசலேம் மறுபடி முற்றுகையில் இருக்கிறது, இந்த முறை நகரமே அழியப்போகிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர். எதிரிப் படை சூழ்ந்திருக்கும் நேரத்தில் அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளி, நம் கணக்கில் ஏறக்குறைய 200 கிராம். நம் ஊர்ப் பத்திரப் பதிவு போலவே எல்லாம் நடக்கிறது: பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. அப்புறம் உதவியாளர் பாருக்கிடம் பத்திரங்களைக் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார், அதனால்.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு வீரக் கதை. ஆனால் பாருக் கையில் பத்திரத்தைக் கொடுத்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார், அந்த ஜெபம் குழப்பத்தில் முடிகிறது. கொத்தளங்கள் வந்துவிட்டன, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீர் என்னைப் பார்த்து நிலம் வாங்கு, சாட்சி வை என்றீரே என்கிறார். கீழ்ப்படிந்து முடித்தாயிற்று, இன்னும் புரியவில்லை. விசுவாசம் என்றால் மனதில் ஒரு கேள்வியும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இந்த ஜெபத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அதற்குக் கர்த்தர் கொடுத்த பதிலின் தொடக்கம் நமக்குப் பழக்கமானது: "இதோ, நான் மாம்சமான யாவருக்கும் தேவனாகிய கர்த்தர், என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" இதுவும் அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம்தான். விளங்காத ஒரு கிரயப் பத்திரத்தைப் பற்றிய கேள்விக்கு வந்த பதில் இது. தொடர்ந்து வாசித்தால், நகரம் விழும் என்பதையும் அதே பதில் உறுதிப்படுத்துகிறது. அழிவும் உண்டு, அதற்குப் பின் திரும்ப வருவதும் உண்டு.

புத்தகங்களால் அறிந்துகொண்ட தானியேல்

வேதம் வாசிப்பதற்கும் தேவனை நம்புவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், தானியேல் 9-ஐக் காட்டலாம். தரியு ராஜாவின் முதலாம் வருஷம். தானியேல் இப்போது முதியவர், இளைஞனாகப் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோகப்பட்டவர். அவர் எரேமியாவின் சுருளை வாசிக்கிறார். எழுபது வருஷம் என்ற தொகையைப் "புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன்" என்கிறார். எந்தக் கடிதத்தை நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோமோ, அந்தத் தீர்க்கதரிசனத்தையே அவர் உட்கார்ந்து படிக்கிறார்.

படித்தவர் என்ன செய்தார்? காலம் முடியப்போகிறது, இனி கவலையில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இரட்டு என்ற முரட்டுத் துணியை உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசித்து, ஜனங்களின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். தேவன் செய்வேன் என்று சொன்னதையே திரும்ப அவரிடம் கேட்கிறார். எரேமியா 29:12, 13 இதைத்தான் சொல்லியிருந்தன: "உங்கள் முழு இருதயத்தோடும் என்னைத் தேடினீர்களானால், என்னைத் தேடுகையில் கண்டுபிடிப்பீர்கள்." சுவர் வசனத்துக்கு அடுத்த இரண்டு வரி. ஏனோ அட்டைகளில் இவை அபூர்வமாகத்தான் ஏறுகின்றன.

சாவு வீட்டில் சொல்லக் கூடாத வசனம்

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் 8:28-ஐ நாம் வேகமாக எடுத்துவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அன்றைக்கே இதைச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வசனம் உண்மை, ஆனால் அந்த நாளுக்கு உரியது அது அல்ல. ரோமர் 12:15 "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்கிறது. அன்றைக்குச் செய்ய வேண்டியது அது.

ரோமர் 8:28-ஐயும் அதன் அதிகாரத்தோடு வாசியுங்கள். நன்மை எது என்று அடுத்த வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. சம்பள உயர்வு என்று பவுல் சொல்லவில்லை. கொஞ்சம் கீழே போனால் உபத்திரவம், வியாகுலம், பசி, நிர்வாணம், பட்டயம் என்று பட்டியல் போடுகிறார். இவையெல்லாம் விசுவாசிக்கு வராது என்று சொல்லவில்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார்.

யோசேப்பின் கதையும் இப்படித்தான். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று ஆதியாகமம் 50-ல் சொல்கிறார். அதைச் சொன்னது அண்ணன்மார் அவரைக் குழியில் போட்ட அன்றைக்கு அல்ல. பதினேழு வயதில் விற்கப்பட்டு, முப்பதாவது வயதில் பார்வோன் முன் நின்று, அதற்கும் பல வருஷம் கழித்து, தகப்பனை அடக்கம் பண்ணிய பிறகு. பாதிக்கப்பட்டவரே பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அண்ணன்மார் அவரிடம் போய், "பார், எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அதனால் புலம்பலுக்கு வேதத்தில் இடம் உண்டு என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. 88-ம் சங்கீதம் முடியும்போதுகூட இருட்டிலேயே முடிகிறது, வெளிச்சம் வருவதே இல்லை. அதுவும் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டுவிட்டுத்தான், "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். முதல் பாதியைத் தாண்டி இரண்டாம் பாதிக்கு நேராகக் குதிக்க வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது

ஒரு வசனம் மனதைத் தொட்டால் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள், முடிந்தால் முன்னாலும் பின்னாலும் ஒரு அதிகாரம் சேர்த்து. யார் யாரிடம் சொல்கிறார், எந்த நிலைமையில் சொல்கிறார் என்று கேளுங்கள். இதில் எனக்கு நேராகச் சொன்னது எது, அந்த ஜனங்களுக்கு மட்டும் சொன்னது எது என்று பிரியுங்கள். எழுபது வருஷம் அவர்களுக்கு உரியது; தேவன் தம் ஜனத்தைக் கைவிடுகிறவர் அல்ல என்பது நமக்கும் உரியது. ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவைத்தால் நல்லது. பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியாக வாசிப்பதோடு நிற்க வேண்டாம். எரேமியாவின் கடிதம் மூப்பர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் சகல ஜனங்களுக்கும் எழுதப்பட்டது. "உங்கள்பேரில்" என்பது ஒரு சமுதாயத்தைப் பார்த்துச் சொன்னது. வீட்டு ஜெபக் கூட்டத்திலோ, வேதபாட வகுப்பிலோ நாலு பேரோடு வாசித்தால், நமக்குப் பிடித்தமான அர்த்தத்தை வசனத்தின்மேல் ஏற்றுவதும் கொஞ்சம் குறையும்.

வரிசை கேட்கிறவர்களுக்கு: எரேமியா 27 முதல் 29 வரை, பிறகு 32, அதன்பின் தானியேல் 9. அடுத்து ஆபகூக், மூன்றே அதிகாரம். கேள்வியில் தொடங்கி, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடிகிற புத்தகம். யோசேப்பின் கதையை ஆதியாகமம் 37-லிருந்து ஒரே மூச்சில் வாசிக்கலாம்.

இடையில் எரேமியா 30, 31 அதிகாரங்களையும் விட்டுவிடாதீர்கள். பாபிலோனில் இருந்தவர்கள் எதிர்பார்த்தது ஊர் திரும்புவதை மட்டும். 31:31 அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்கிறது: இஸ்ரவேலோடும் யூதாவோடும் ஒரு புது உடன்படிக்கை. கடிதத்தை வாசித்த யாரும் அது எப்படி நிறைவேறும் என்று கற்பனை செய்திருக்க முடியாது. ஏறக்குறைய அறுநூறு வருஷம் கழித்து, கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்து, "இந்தப் பாத்திரம் உங்களுக்காகச் சிந்தப்படுகிற என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கையாயிருக்கிறது" என்றார். லூக்கா 22:20. திருவிருந்து ஆராதனையில் போதகர் சொல்லக் கேட்கும் "புதிய உடன்படிக்கை" என்ற அந்த வார்த்தைக்கு மூலம் எரேமியாவின் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.